கிணத்து மேலே கடல்

வரவேற்பு ஹாலில் சோபாவுக்கு எதிர்ச் சுவரைக் காட்டி, "இங்கதான் கங்கப்பா, கடல் மீன் தொட்டி. நாலடி நீளம்," என்று மானேஜர் சொன்னபோது கங்கப்பன் சுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். அந்தப் பளபளப்புக் கல்லுக்குக் கீழேதான் அவன் கிணறு கிடந்தது. நாற்பதடி. சித்திரையிலும் வற்றாத கிணறு. ஃபேக்டரிக்கு நிலத்தை எடுத்தபோது கல்லையும் மண்ணையும் கொட்டி மூடினார்கள். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அந்த வேலை வரவில்லை. கங்கப்பனுக்குத் தினக்கூலிக்குத் தோட்டத்தில் தண்ணி விடுகிற வேலைதான் வந்தது. தன் நிலத்துக்கே தண்ணி விட்டான், ரோஜாச் செடிக்கு.

"நல்ல தண்ணியை மூடிட்டு அது மேல உப்புத் தண்ணியைக் கொண்டாந்து வைக்கறீங்களா?" என்றான்.

"அதையே இன்னும் எத்தனை வருஷம் சொல்லுவே?" மானேஜர் சிரித்தான். நாற்பது வயசு இருக்கும். தினமும் பெங்களூரிலிருந்து கம்பெனி காரில் வந்து போகிறவன். அறுபது வயசு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில் அவனுக்குக் கூச்சம் கிடையாது.

விஷயம் இதுதான். தை மாசம் ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முதலாளி பம்பாயில் எவனோ ஒருத்தன் ஆபீசில் கடல் மீனைப் பார்த்துவிட்டு வந்து தனக்கும் அதே மாதிரி வேண்டும் என்கிறார். பெங்களூர்க் கடைக்காரன் கேட்ட தொகைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். முதலாளி மானேஜருக்குச் செலவு பண்ணக் கொடுத்ததோ அதில் கால்வாசி.

"நீ மாடு, மரம் எல்லாத்தையும் காப்பாத்தறவன். இதையும் செய். அவங்க வர்றப்ப மீன் உயிரோட நீந்தணும். நீந்தினா மறு மாசமே உன் பொண்ணுக்கு இங்க அசெம்பிளி லைன்ல வேலை."

"எழுதிக் குடு," என்றான் கங்கப்பன்.

மானேஜர் ஒரு கேட் பாஸைத் திருப்பி அதன் முதுகில் ரெண்டு வரி எழுதிக் கொடுத்தான். இங்கிலீஷ். கங்கப்பன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் ஜோதியம்மாள் கையில் கொடுத்தான். பத்தாவது பாஸாகி மூன்று வருஷமாக வீட்டில் சாணி தட்டிக்கொண்டிருக்கிறவள். ரெண்டு தடவை படித்தாள்.

"தொட்டி திருப்தியா இருந்தா வேலை பரிசீலிக்கப்படும்னு இருக்குப்பா."

"அப்டின்னா?"

"யோசிப்பாங்களாம்."

"பன்னெண்டு வருஷமா யோசிச்சது பத்தலையா அவனுக்கு?"

ஆனாலும் சீட்டை மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டான். வேறென்ன செய்வது.

தொட்டியை ஜன்னல் கண்ணாடி போடுகிற ஆளிடம் சொல்லிச் செய்தான். அரையங்குலக் கண்ணாடி கேட்டால் அவன் கால் அங்குலத்தை வைத்து ஒட்டப் பார்த்தான். கங்கப்பன் கட்டைவிரலை வைத்து அளந்துவிட்டு, "உன் வீட்டு ஜன்னல்ல மழைதான் அடிக்கும். இதுல ஆறு கேன் தண்ணி நிக்கணும். தெரியுதா?" என்று திருப்பி அனுப்பினான். ரெண்டாவது தொட்டி ஒரு மூலையில் ஒழுகியது. மூன்றாம் தடவை நின்றது. அடியில் போடப் பவள மணல் வேண்டும் என்றார்கள். அது எந்தச் சீமையில் கிடைக்குமோ. கோழிப்பண்ணையில் தீவனத்தோடு கலக்கிற சிப்பித் தூள் இருக்கிறதே, அதில் ரெண்டு மூட்டை வாங்கி, ஏழு தண்ணியில் அலசிப் போட்டான். சிப்பியும் கடல்தானே. மணலுக்கடியில் பிளாஸ்டிக் குழாயைக் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டுப் பதித்து, ஒரு சின்னக் காத்து மோட்டாரை மாட்டினான். காத்து மேலே வரும்போது தண்ணி மணலுக்குள்ளே இறங்கி வந்தது. பெங்களூர்க் கடைக்காரன் வாய்க்கு வந்த விலை சொன்ன சாமான் இதுதான்.

தண்ணி முனிவேல் கொண்டுவந்தான். குருபரப்பள்ளிக்காரன், லாரி டிரைவர். கிருஷ்ணகிரிக் கருங்கல்லை மெட்ராஸ் ஹார்பரில் இறக்கிவிட்டுக் காலி லாரியோடு திரும்புகிறவன். பாமாயில் வந்த வெள்ளைக் கேன்களைக் கழுவி அவனிடம் கொடுத்தனுப்பினான் கங்கப்பன். தண்ணி வந்ததும் முதல் வேலையாகத் தன் லாக்டோமீட்டரை எடுத்து அதில் போட்டான். பாலில் தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்க்கிற கண்ணாடிக் குழல். பால் சொசைட்டி செக்ரெட்டரி மேல் நம்பிக்கையில்லாமல் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருந்தான்.

"இன்னாண்ணா, கடல்ல பால் கறந்தா எடுத்தாந்தேன்?" என்றான் முனிவேல்.

"நீ கடல்ல மொண்டியா, வாலாஜா பைப்புல புடிச்சியா, எனக்கெப்படித் தெரியும்?"

வெறும் தண்ணியில் சைபரில் நிற்கிற குழல் இருபத்தஞ்சில் நின்றது. கேன் கேனாகப் போட்டுப் பார்த்தான். எல்லாம் இருபத்தஞ்சு. தொட்டியில் ஊற்றினான்.

மெட்ராஸில் வளர்ப்பு மீன் விற்கிற மீன்காரன் முனிவேலிடம் சொல்லியனுப்பியது இன்னும் எரிச்சல். ஒரு மாசம் மீன் விடக் கூடாதாம். ஒரு செத்த இறாலைப் போட்டு அழுக விடணுமாம். அழுகினால்தான் தண்ணி பதப்படுமாம். "காசு குடுத்துக் கடலைக் கொண்டாந்து அதுல அழுகினதைப் போடறதா?" என்று கங்கப்பன் கத்தினான். போட்டான். ரெண்டு வாரம் ஹால் நாறியது. மானேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான், வந்தான். அப்புறம் நாற்றம் தானே அடங்கி, சிப்பி மேல் பழுப்பாக ஒரு பாசி படிந்து, தண்ணி கண்ணாடி மாதிரி ஆனது. மீன்காரன் சொன்னது சரிதான் என்பதைக் கங்கப்பன் யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் மீன் வந்தது. நீலமாக ரெண்டு, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டது ஒன்று, கண்ணாடியில் ஊர்கிற ஒரு நத்தை.

"இம்மாத்தூண்டு மூணு மீனுக்கா மாமா இத்தனை மாசக் கூத்து?" என்றாள் சாந்தம்மா. ஹாலைக் கூட்டித் துடைக்கிறவள், காண்ட்ராக்ட் ஆள். "கெலவரப்பள்ளி டேம்ல எங்க ஆளு ஒரு வலைக்கு நாலு கிலோ எடுப்பான்."

"அது குழம்புக்கு. இது ஜெர்மன்காரனுக்கு."

"அவன் பாத்துட்டுத் துன்னுவானா?"

"பாக்க மட்டும்தான்."

"பாக்கறதுக்குன்னா என்னை நிக்க வெச்சிருக்கலாம். இறாலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கங்கப்பன் சிரிக்கவில்லை. ஆனால் வாளியைத் தொட்டியை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லும்போது குரலை உயர்த்தவும் இல்லை. அவளும் தள்ளி வைத்தாள்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒரு பக்கெட் தண்ணியை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணி ஒரு பக்கெட் ஊற்ற வேண்டும். அதற்கென்று மூன்று கேன் தண்ணி கேன்டீன் பின்னால் இருந்தது. மார்கழியில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஒரு கேனில் டீசல். ஜெனரேட்டர் ஆள் கடல் தண்ணியைக் கீழே கொட்டிவிட்டு டீசலைப் பிடித்து வைத்திருக்கிறான். "கேனுன்னா கேன்தானே பெருசு, உன் பேரா எழுதியிருக்கு?" என்றான்.

கங்கப்பன் அவனை அடிக்கத்தான் போனான். கேன்டீன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இவர்கள் இடத்தில் எதையும் விட்டுவைக்கக் கூடாது. கிணற்றையே விட்டுவைக்காதவர்கள். மீதி ரெண்டு கேனையும் முனிவேல் லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். பிளாஸ்டிக்கை இனி நம்புவதில்லை என்று முடிவு பண்ணினான். வீட்டில் செப்பு அண்டா இருந்தது, பெண்டாட்டி நஞ்சம்மாவுக்குக் கல்யாணத்தில் அவள் அப்பன் கொடுத்தது. செம்பில் வைத்த தண்ணி கெடாது. புழு வைக்காது. ஊரறிந்த விஷயம். ரெண்டு கேனையும் அதில் ஊற்றி மூடி போட்டான்.

நஞ்சம்மா அன்றைக்கு வீட்டில் இல்லை. மூத்த மகளுக்குப் பிரசவம் என்று ஜோதியையும் கூட்டிக்கொண்டு நாகரசம்பட்டிக்குப் போயிருந்தாள்.

பத்து நாள் கழித்து அண்டாவிலிருந்து பச்சைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணி மொண்டு, சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினான். ஜெர்மன்காரர்கள் வர இன்னும் ஒரு வாரம். தண்ணி புதுசாக இருக்கட்டும் என்று ஒரு பக்கெட்டுக்கு ரெண்டாக ஊற்றினான்.

மறுநாள் நத்தை கண்ணாடியை விட்டு மல்லாக்க விழுந்து கிடந்தது. அதற்கு மறுநாள் நீல மீன்கள் ரெண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. மத்தியானத்துக்குள் மூன்று மீனும் செத்துச் சிப்பி மேல் கிடந்தன.

கங்கப்பன் தொட்டிக்கு முன்னால் நின்றான். ஹாலில் ஃபினாயில் வாசனை. தொட்டியிலிருந்து நாலு முழத்தில் சாந்தம்மாவின் வாளி.

"நீதான்," என்றான்.

"என்னது மாமா?"

"ஃபினாயில் தண்ணியைத் தெளிச்சியா, துணியை அதுல முக்கினியா, சொல்லு."

"நான் அந்தப் பக்கமே போறதில்ல. போனா நீ கத்துவேன்னு தெரியாதா எனக்கு? தரையைத் தொடைச்சேன். கண்ணாடியைத் தொட்டிருந்தா இந்தக் கை அழுகிப் போவட்டும்."

"அழுகினது கையில்ல. என் பொண்ணு பொழப்பு."

சத்தம் கேட்டு மானேஜர் வந்தான். செத்த மீனைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். காண்ட்ராக்டருக்குப் போன் போட்டான். அரை மணி நேரத்தில் காண்ட்ராக்டர் ஆள் வந்து, துணியையும் வாளியையும் அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னான். சாந்தம்மா மானேஜரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கங்கப்பனிடம் வந்தாள்.

"உன் பொண்ணு மேல சத்தியமாச் சொல்லு மாமா. நீ பாத்தியா?"

"பாக்கணுமா? வாசனையே சொல்லுது."

"இந்த வாசனை தெனமும்தான் அடிக்குது. தெனமும்தான் மீன் இருந்துது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மானேஜர் அவன் தோளில் தட்டினான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. "உன் தப்பு இல்ல. முனிவேலை அனுப்பு, புது மீன் எடுத்து வரட்டும். நான் சொன்னது சொன்னதுதான்."

கங்கப்பனுக்கு அந்தத் தட்டு பிடிக்கவில்லை. ஆனால் கையைத் தட்டிவிடவும் இல்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது நஞ்சம்மாவும் ஜோதியும் ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தார்கள். நஞ்சம்மா அண்டாவின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

"யோவ், இதுல என்னாத்த ஊத்தி வெச்ச?"

"கடல் தண்ணி. மூடியைப் போடு, தூசி விழும்."

"வந்து பாரு."

அண்டாவை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்துச் சாய்த்திருந்தாள். உள்ளே தண்ணி நின்ற மட்டத்துக்குச் சுற்றிலும் ஒரு பச்சை வளையம், விரல் அகலத்துக்குக் களிம்பு. அடியில் மிச்சமிருந்த தண்ணியை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு காட்டினாள். மயில்துத்தம் கரைத்த மாதிரி நீலம்.

"உப்பை எந்தப் பொம்பளையாவது செம்புல வைப்பாளா? ஈயம் பூசாத ஏனத்துல மோர் ஊத்தினாலே வாந்தி. இது கடலு. நீ இதைக் குடிக்கலையே?"

வீட்டு மூலை இருட்டு. பக்கெட் பச்சை. மொண்டது பச்சையா நீலமா, யார் பார்த்தது. இந்த நாற்பது வருஷத்தில் அண்டாவில் நல்ல தண்ணியைத் தவிர வேறு எதுவும் நின்றதில்லை. தண்ணி என்றுதான் நினைத்தான். உப்பு என்று நினைக்கவில்லை. லாக்டோமீட்டரைப் போட்டு ஊரான் கேனையெல்லாம் சோதித்தவன், தன் வீட்டு ஏனத்தைச் சோதிக்கவில்லை.

"நீ எதுக்கு இப்பப் போய் ஊருக்குப் போன?" என்று நஞ்சம்மா மேல் பாய்ந்தான்.

"நல்லா இருக்குய்யா ஞாயம். புள்ள பொறக்கறது உன் மீனைக் கேட்டுகினா பொறக்கும்?"

விஷயம் முழுக்க வெளியே வந்தது. சாந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பினதும் சேர்த்துத்தான். நஞ்சம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜோதிதான் முதலில் பேசினாள். "அப்பா, இதை யார்கிட்டயும் சொல்லாத. இன்னும் அஞ்சு நாளுதான். அவங்க வந்து பாத்துட்டுப் போயிடட்டும். நான் உள்ள போன பெறகு அந்தம்மாவுக்கு வேற எங்கயாவது சொல்லிப் பாக்கலாம்."

"பரிசீலிக்கலாங்கற," என்றான் கங்கப்பன்.

அவள் முகம் சிவந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கேட்டதில் தப்பு என்ன? நிலமும் போய், கிணறும் போய், சாணி தட்டுகிறவளுக்கு இருந்த ஒரே சீட்டு அது. மகள் மேல் வந்த கோபம் மானேஜர் மேல் போனது, அங்கிருந்து காண்ட்ராக்டர் மேல் போனது, சுற்றிச் சுற்றி அண்டாவிலேயே வந்து நின்றது. ஒரு உதை விட்டான். அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்தான் வீங்கியது.

அடுத்த மூன்று நாளும் தொட்டியைக் கழுவினான். தண்ணியைக் கொட்டி, சிப்பியைக் கொட்டி, புது மூட்டை வாங்கி அலசி, குழாயைக் கழற்றிக் கழுவினான். யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஹாலைத் துடைக்கப் புதுசாக ஒருத்தி வந்திருந்தாள். அவளிடம் வாளியைத் தள்ளி வைக்கச் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் முனிவேல் லாரி கேட்டுக்கு வந்தது. ஏழு கேன் தண்ணி, எல்லாம் புதுக் கேன். பிளாஸ்டிக் பையில் காத்து அடைத்து மூன்று மீன். "மத்தியானத்துக்குள்ள விட்டுடுண்ணா. காத்து அம்மாந்தான் தாங்கும்னான்," என்றான். ஜெர்மன்காரர்கள் மறுநாள் பத்து மணிக்கு.

கங்கப்பன் கேன்களை கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கி அடுக்கினான். ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டான். மடியில் மீன் பை. செக்யூரிட்டி போய்ச் சொல்லி, மானேஜரே வந்தான்.

"என்ன கங்கப்பா, உள்ள கொண்டு வா."

"மீனைக் கொன்னது நான் சார். உப்புத் தண்ணியை செப்பு அண்டாவுல வெச்சேன். களிம்பு இறங்கிச் செத்துது. அந்தப் பொம்பளை ஒண்ணும் பண்ணலை. அவளைக் கூப்பிடுங்க."

மானேஜர் சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "சரி, தெரிஞ்சுது. வெளிய சொல்லாதே. அங்க வேற ஆள் வந்தாச்சு. முதலாளிகிட்ட துடைக்கறவ பண்ணிட்டான்னு சொல்லியாச்சு. இப்பப் போய் நீன்னு சொன்னா உன் பொண்ணுக்கு நான் எப்படி வேலை போடறது? யோசி."

"யோசிச்சிட்டேன். அவ வந்தாத்தான் தண்ணி உள்ள போவும்."

"விளையாடறியா? நாளைக்கு அவங்க வர்றாங்க."

"மீனுக்கு மத்தியானம் வரைக்கும்தான் காத்து. எனக்கு அவ்வளவு அவசரமில்லை."

"வேற ஆளை விட்டு ஊத்திக்கறேன்."

"ஊத்துங்க. எவ்வளவு ஊத்தணும், பையை எப்ப அவுக்கணும், அவுத்ததும் விட்டா மீன் ஏன் சாவும், எல்லாம் அவனுக்குத் தெரியுமில்ல?"

கருங்கல் லாரிகள் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தன. மானேஜர் கொஞ்ச நேரம் பையையே பார்த்தான். உள்ளே ஆரஞ்சு மீன் ஒரு மூலையில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பிறகு கையை நீட்டினான்.

"அந்தச் சீட்டைக் குடு."

கங்கப்பன் உள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மானேஜர் நாலாகக் கிழித்தான்.

"பரிசீலிச்சாச்சா?" என்றான் கங்கப்பன். "பன்னெண்டு வருஷத்துல நீங்க இவ்வளவு வெரசா எதையும் பரிசீலிச்சதில்ல."

மானேஜர் சொல்லி, சாந்தம்மாவைக் கூட்டிவரக் காண்ட்ராக்டர் ஆள் பைக்கில் கெலவரப்பள்ளிக்குப் போனான். பதினொன்றரைக்கு சாந்தம்மா பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். கேட்டில் எல்லோரும் நிற்பதைப் பார்த்தாள். கங்கப்பன் எழுந்து நடந்ததைச் சொன்னான். அண்டா, களிம்பு, எல்லாம். மன்னிப்பு என்கிற வார்த்தை அவன் வாயில் வராது. வரவும் இல்லை.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஊர்ல ரெண்டு வீட்டுக்குத் தெரியும், நான் மீனுக்கு வெசம் வெச்சவன்னு," என்றாள். "அங்கயும் வந்து இதைச் சொல்லுவியா?"

"வரேன்."

"அண்டாவைத் தூக்கிகினு வா. சும்மா வந்து சொன்னா நம்ப மாட்டாங்க. உன்னாட்டம் ஆளுங்கதான் அங்கயும்."

மத்தியானத்துக்குள் தண்ணியும் மீனும் உள்ளே போயின. ஞாயிற்றுக்கிழமை அண்டாவைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போனான். களிம்பைத் தேய்க்காமல் அப்படியே கொண்டுபோனான். ரெண்டு வீடு என்றாள், ஆறு வீட்டு வாசலில் இறக்கிக் காட்ட வைத்தாள்.

ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ஹாலில் நின்ற நேரம் ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட இருக்காது. ஒருத்தன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான், ஒருத்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஜோதி அப்பனோடு பேச ஒரு வாரம் ஆனது. பேசியபோது, எதிர் ஃபேக்டரி கேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று போர்டு வைத்திருக்கிறான், நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன், நீ வர வேண்டாம், சீட்டும் வாங்கித் தர வேண்டாம் என்றாள். சரி என்றான்.

மீன் நீந்துகிறது. புதுத் தண்ணி இன்னும் பதப்படாததால் கங்கப்பன் ரெண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணி மாற்றுகிறான், கேனிலிருந்து, வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்துவிட்டு. சாந்தம்மா தினமும் காலையில் ஹாலைத் துடைக்கும் முன்னால் வாளியை அவனிடம் தூக்கிக்கொண்டு வருகிறாள். மாமா என்று இப்போது கூப்பிடுவதில்லை. வாளியை அவன் மூக்குக்கு நேரே பிடிக்கிறாள்.

"பாத்துக்க. எவ்வளவு ஃபினாயில்னு இப்பவே பாத்துக்க. அப்புறம் வாசனை சொல்லுச்சுன்னு சொல்லாத."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தாலும் குனிந்து முகர்ந்து பார்க்கிறான். பார்த்தேன் என்று சொல்கிற வரைக்கும் அவள் வாளியை இறக்குவதில்லை.

"பாத்தேன்," என்கிறான்.